மாரிக்கு முன் மோட்டார் சைக்கிள் சீட்: வீட்டில் எதைச் செய்வது, கடைக்கு எதைக் கொடுப்பது?

மட்டக்களப்பில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு மழையை விட, மழை விட்ட பிறகு வரும் ஈரம்தான் பெரிய தொல்லை. சீட்டைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு ஏறுகிறோம். கையால் தடவிப் பார்த்தால் காய்ந்துதான் இருக்கிறது. கல்லடிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் காற்சட்டையின் பின்புறம் நனைந்துவிடும். பின்னால் வெள்ளைச் சீருடையோடு பாடசாலைக்குப் போகும் பிள்ளை இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஸ்பொஞ்சில் ஊறிக் கிடந்த பழுப்புத் தண்ணீர் வெள்ளைத் துணியில் பதிந்தால், அந்தக் கறை எத்தனை தரம் தோய்த்தாலும் முழுதாகப் போவதில்லை.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து கையில் உள்ள வண்டியையே பேணி ஓட்டும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. 2025இல் இறக்குமதி மறுபடி திறக்கப்பட்டாலும் புதிய வண்டியின் விலை பலருக்கு எட்டவில்லை. அதனால் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய சீட்டை வீட்டிலேயே திருத்தலாமா என்று கேட்பவர்கள் அதிகம். திருத்தலாம். வழிகள் பல, எல்லாம் ஒரே தரமானவை அல்ல. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தையலைத் தவிர மற்ற எல்லா வேலையையும் வீட்டில் செய்துகொள்ளலாம். தையலை மட்டும் சீட் உறை தைக்கும் குஷன் கடைக்குக் கொடுங்கள்.

காரணம் சீட்டின் அமைப்பில் இருக்கிறது. அடியில் பிளாஸ்டிக் தட்டு, பழைய வண்டிகளில் தகரத் தட்டு. அதன் மேல் அச்சில் வார்த்த பொலியூரித்தேன் ஸ்பொஞ்ச். அதற்கு மேல் ரெக்சின் உறை. அதன் ஓரங்களைத் தட்டின் அடிப்பக்கத்துக்கு இழுத்து ஸ்டேப்ளர் பின் அடித்திருப்பார்கள். ரெக்சின் என்பது துணியின் மேல் பிவிசி பூசியது. கிழியாத, வெடிக்காத ரெக்சினின் ஊடாகத் தண்ணீர் போகாது. அது போகும் இடம் தையல். தையல் வரி ஒன்றைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்து, உறையை இரண்டு பக்கமும் மெல்ல இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஊசித் துளை தெரியும். துளை நூலை விடப் பெரிது. பழைய சீட்டில் அது வட்டமாகக்கூட இருக்காது, இழுபட்டு இழுபட்டுச் சிறு பிளவாக நீண்டிருக்கும். பருத்தி நூலால் தைத்திருந்தால் நூலே திரிபோலத் தண்ணீரை உறிஞ்சி உள்ளே கடத்தும்.

இதோடு இன்னொன்றும் நடக்கிறது. நாம் உட்காரும்போது ஸ்பொஞ்ச் அமுங்கிக் காற்று வெளியேறுகிறது. எழும்பும்போது அது விரிந்து காற்றை உள்ளே இழுக்கிறது. அந்த நேரத்தில் தையலின் மேல் தண்ணீர் நின்றால் காற்றோடு தண்ணீரும் சேர்ந்து உள்ளே போகும். மழையில் சும்மா நிறுத்தியிருந்த வண்டியை விட, மழைக்குள் ஏறி இறங்கி ஓடிய வண்டியின் சீட் அதிகம் ஊறுவது இதனால்தான். உள்ளே போன தண்ணீருக்கு மேல்பக்கத்தால் ஆவியாக வழியில்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை நமக்கு நல்ல வெயில் தொடர்ந்து கிடைப்பதும் அரிது. ஒரு தடவை ஊறிய சீட் மாரி முடியும்வரை ஈரமாகவே கிடக்கிறது, பூஞ்சணம் பிடிக்கிறது, மணக்கத் தொடங்குகிறது.

ஆகவே எந்த வழியைப் பார்த்தாலும் நான் கேட்பது இரண்டு கேள்விகள். தண்ணீர் உள்ளே போவதைத் தடுக்கிறதா? மீறிப் போன தண்ணீர் வெளியேற வழி விடுகிறதா? இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை.

எளிய வழிகளை முதலில் பார்த்துவிடலாம். நிறுத்தும்போது சீட்டின் மேல் பொலித்தீன் பையை மாட்டுவது நல்ல பழக்கம். தறப்பாள் துண்டில் ஓரத்துக்கு இலாஸ்டிக் வைத்துத் தைத்த மூடி அதை விட நல்லது, காற்றில் பறக்காது. தையல் இன்னும் உறுதியாக இருக்கும் புதிய சீட்டுக்கு இதுவே போதும். ஓடும்போது மழை பிடித்தால் பயனில்லை, அவ்வளவுதான்.

கடையில் தொங்கும் ரெடிமேட் உறையைப் பழைய உறையின் மேல் இழுத்து மாட்டுவது எனக்குச் சற்றும் பிடிக்காத வழி. அதிலும் தையல் உண்டு, அந்தத் தையலாலும் தண்ணீர் இறங்கும். இறங்கிய தண்ணீர் இரண்டு ரெக்சினுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு, கீழேயுள்ள தையலில் மணிக்கணக்காக நிற்கும். இரண்டு கேள்விக்குமே விடை “இல்லை” என்பதுதான். தடித்த வலைத்துணி உறை அதனிலும் மேல்: நம்மைத் தண்ணீருக்குச் சற்று மேலே தூக்கி வைக்கிறது, கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் தொடைக்கு அடியில் காற்று ஓடவும் விடுகிறது. கோடைக்கு அதை வாங்கலாம். மழைக்கு அதை நம்பக்கூடாது, அடியில் இருக்கும் சீட் வழமைபோல ஊறிக்கொண்டுதான் இருக்கும்.

தையலின் மேல் சிலிக்கன் பூசுவது பலரும் முதலில் செய்யும் வேலை. ரெக்சினை மெதுமையாக வைத்திருக்க அதில் ஒரு வகை எண்ணெய்ப் பொருள் கலந்திருக்கிறது. அது மெல்ல மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்துகொண்டே இருக்கும். சிலிக்கன் அதில் இறுகப் பிடிக்காது. ஆட்கள் ஏறி இறங்கத் தையல் வளையும், சிலிக்கன் ஓரத்தால் உரியும். அதன் பிறகு அந்த இடத்தில் வேறு எந்தப் பசையும் ஒட்டாது என்பது அதை விடப் பெரிய நட்டம். ரியூப் ஒட்டும் சொலூஷனும் வெளியே பூசினால் வெயிலில் வெடித்துவிடும். வெளியே பூசித்தான் ஆக வேண்டும் என்றால், கூடாரத் தையலுக்கும் மழை அங்கித் தையலுக்கும் பூசுகிற யூரித்தேன் வகைப் பசையை மெல்லிதாக, நன்றாகக் காய்ந்த உறையில், துளைக்குள் இறங்கும்படி தேய்க்க வேண்டும். அதையும் ஒரு மாரிக்கான ஏற்பாடாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி, உறையைக் கழற்றிச் செய்யும் வேலைகள். இங்கேதான் தீர்வு இருக்கிறது.

உறையைக் கழற்றியதும் ஸ்பொஞ்சைக் கையில் தூக்கிப் பாருங்கள். ஸ்பொஞ்சுக்கு இருக்க வேண்டிய பாரத்தை விட அதிகமாகக் கனத்தால் உள்ளே தண்ணீர் நிற்கிறது. முறுக்கிப் பிழியாதீர்கள், கிழிந்துவிடும். சுத்தமான தரையில் வைத்துக் காலால் மிதித்து மிதித்துத் தண்ணீரை வெளியேற்றி, நிழலில் காற்றுப் படும்படி நிறுத்திவையுங்கள். நேர் வெயில் ஸ்பொஞ்சை மஞ்சளாக்கித் தூளாக்கும். ஆவணி மாதக் கச்சான் காற்று செய்கிற வேலையை எந்த விசிறியும் செய்யாது.

காய்ந்த ஸ்பொஞ்சை நகத்தால் கிள்ளுங்கள். மஞ்சள் தூள் உதிர்ந்தால் அதன் ஆயுள் முடிந்தது. உதிராவிட்டால் தயவுசெய்து எறியாதீர்கள். கம்பனி அச்சில் வார்த்த ஸ்பொஞ்சுக்கு இணையானதைத் துண்டாக வாங்க முடியாது. மெத்தையிலிருந்து வெட்டிய ஸ்பொஞ்ச் கடையில் விரலால் அமுக்கும்போது சுகமாக இருக்கும். ஆள் ஏறியதும் அடித்தட்டு வரை அமுங்கிவிடும். பழைய துண்டுகளை ஒட்டி அழுத்திச் செய்த பல நிற ஸ்பொஞ்ச் பள்ளம் நிரப்புவதற்கு நல்லது. அதை அடியில் வைத்து, மேலே ஒரு சென்ரிமீற்றர் அளவு மெதுவான ஸ்பொஞ்ச் ஒட்டினால் மேடுபள்ளம் தெரியாது.

கால் தரையில் எட்டவில்லை என்று சீட்டைத் தாழ்த்த விரும்புகிறவர்கள் பெரும்பாலும் மேலிருந்து வெட்டிவிடுகிறார்கள். அதற்கு முன் முன்பக்கத்தின் இரண்டு விளிம்புகளையும் சீவிப் பாருங்கள். பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில் சீட் ஒடுங்கினால் தொடை அகலாமல் கால் நேராக இறங்கும். மெத்தென்ற தன்மையில் எதையும் இழக்காமல் கால் எட்டுவது கூடும். அதுவும் போதாவிட்டால்தான் மேலிருந்து குறைக்க வேண்டும். உட்காரும் இடத்தில் மூன்று சென்ரிமீற்றருக்குக் கீழே மெலிய விடாதீர்கள்; பொத்துவில் வரை நீண்ட தூரம் ஓடினால் இடுப்பு எலும்பு தட்டில் இடிப்பதை உணர்வீர்கள். வெட்டுவதற்குப் புதிய வாள் அலகு அல்லது நீளமான பாண் கத்தி போதும். ஒழுங்காக்குவதற்கு 40ஆம் இலக்க உப்புத்தாளைப் பலகைத் துண்டில் ஒட்டித் தேய்க்கலாம். ஸ்பொஞ்ச் முழுதாகக் காய்ந்திருந்தால்தான் தேய்படும், ஈரம் இருந்தால் பிய்ந்துவிடும். ஒட்டும்போது இரண்டு பக்கமும் பசை பூசி, விரலில் பிசுபிசுக்கும்வரை காயவிட்டுச் சேர்க்க வேண்டும். உட்காரும் எலும்புக்கு நேர் மேலே பசைக் கோடு வர விடாதீர்கள். காய்ந்த பசை ஒரு தடிபோல உறுத்தும். ஜெல் மெத்தையைப் பற்றியும் கேட்கிறார்கள். வெயிலில் நிறுத்திய வண்டியில் ஜெல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாம்.

தண்ணீரை உறிஞ்சாத ஈவிஏ வகை ஸ்பொஞ்சால் சீட் முழுவதையும் செய்தால் என்ன என்பது நியாயமான கேள்வி. பிள்ளைகள் விளையாடத் தரையில் விரிக்கும் பாய்களில் இருப்பது அந்த வகைதான். அதன் கண்ணறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியிருப்பதால் ஊறவே ஊறாது. ஆனால் அது உடலுக்கு ஏற்றபடி இளகிக் கொடுக்காது. நீண்ட ஓட்டத்தில் பலகையில் இருப்பது போன்ற களைப்பைத் தரும். ஓட்டுநர் இருக்கும் பக்கத்துக்கு அதை நான் சொல்லமாட்டேன். வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் எடுத்து ரெஜிபோம் பெட்டியில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் வியாபாரிகளுக்கு, பின்பக்கம் முழுவதும் அந்த வகையைப் போடுவதே சரி. அங்கே ஆள் இருப்பதில்லை. பெட்டியிலிருந்து வழியும் ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும்தான் இருக்கிறது, சாதாரண ஸ்பொஞ்சில் அது ஏறினால் பிறகு அந்த மணத்தை எடுக்க முடியாது.

மற்ற எல்லோருக்கும் ஸ்பொஞ்சுக்கும் உறைக்கும் நடுவே ஒரு பொலித்தீன் விரிப்பு. செலவுக்கும் பயனுக்கும் பொருத்திப் பார்த்தால் இதை வெல்ல வேறொன்று இல்லை. மெல்லிய கடைப் பை வேண்டாம். சரசரக்கும், சில வாரங்களில் கிழிந்துவிடும். அம்பாறைப் பக்கம் வயல் செய்கிற வீடுகளில் பசளை மூட்டையின் உட்பை கிடைக்கும். தடிப்பும் மெதுமையும் அதற்கு உண்டு. உப்புத் துகள் இல்லாமல் நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள், ஒட்டியிருக்கும் பசளை ஸ்டேப்ளர் பின்களையும் தகரத் தட்டையும் அரித்துவிடும்.

விரிப்பைப் போடும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. மேலேயும் பக்கங்களிலும் தளர்வாகப் போர்த்தி, மடிப்புகளைப் பக்கத்துக்குத் தள்ளி, தட்டின் விளிம்பைத் தாண்டி இரண்டு சென்ரிமீற்றர் அடிப்பக்கம் வரும் அளவில் வெட்டிவிடுங்கள். அடிப்பக்கத்தை மூடிச் சுற்றிக் கட்டாதீர்கள். முழுதாகச் சுற்றிவிட்டால் ஸ்பொஞ்சுக்கு மூச்சு விட இடமில்லை. உட்கார்ந்தால் காற்றுப் பை போல உப்பும். அடி திறந்திருந்தால் தட்டில் உள்ள துளைகள் வழியே காற்று போய் வரும், மேல் தையலுக்கு ஊடாக இழுக்கும் வேலையே இருக்காது. எப்படியோ உள்ளே போன ஈரமும் அந்தத் துளைகளால் காயும். அவற்றில் அடைந்திருக்கும் சேற்றைக் குத்தி எடுக்க மறக்க வேண்டாம். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வீதிகளில் ஓடும் வண்டிகளில் அந்தத் துளைகள் திறந்திருந்தால்தான் ஆச்சரியம்.

விரிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. அது ஸ்பொஞ்சைக் காக்கும்; உறையின் உட்பக்கத் துணியைக் காக்காது. தையலால் இறங்கும் தண்ணீர் அந்தத் துணியை நனைத்து, உட்காரும்போது மறுபடி மேலே வரும். அளவு குறைவு, விரைவில் காய்ந்தும் விடும். ஆனால் வெள்ளைச் சீருடைக்கு அந்தக் குறைந்த அளவே போதும். எனவே விரிப்போடு உறையையும் கவனிக்க வேண்டும்.

உறையில் சிறந்தது தையலே இல்லாதது. நான்கு பக்கமும் இழுபடும் ரெக்சினைச் சீட்டின் மேல் ஒரே துண்டாக இழுத்து அடிப்பது. சிடி 100 மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற நீளமான, ஏறக்குறையத் தட்டையான சீட்டுக்கு இது கைகூடும், வீட்டிலேயே செய்யலாம். வாங்கும்போது துண்டை நீளத்திலும் அகலத்திலும் இழுத்துப் பாருங்கள். பின்பக்கம் பின்னல் துணியாக இருந்தால் இழுபடும், நெய்த துணியாக இருந்தால் இழுபடாது. நடுவில் உயரமான படி வைத்த சீட்டுகளில் ஒரே துண்டு சரிவராது. படியின் உட்குழிவில் ரெக்சின் பதியாமல் கூடாரம்போல எழும்பி நிற்கும், சில மாதங்களில் அங்கேயே கிழியும்.

அத்தகைய சீட்டுக்குத் தையல் வேண்டும். அதை வீட்டுத் தையல் இயந்திரத்தில் செய்யத் துணியாதீர்கள். ரெக்சின் இயந்திரத்தின் பாதத்தில் ஒட்டி நகராது, கண்ணிகள் ஒரே இடத்தில் நெருங்கும். துணியில் பிழைத்த தையலைப் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். ரெக்சினில் பிரித்த பிறகும் துளை அப்படியே இருக்கும், அது தண்ணீர் போகும் இன்னொரு வழி. குஷன் கடைக்காரர் தடித்த ஊசி இயந்திரத்தில் ஒரே ஓட்டத்தில் முடித்துவிடுவார். அந்த ஒரு வேலைக்குக் கொடுக்கும் கூலி வீண் போவதில்லை.

கொடுக்கும்போது சில விடயங்களைக் கேட்டு வாங்க வேண்டும். மேல் துண்டும் பக்கத் துண்டும் சேரும் தையல் உட்காரும் பரப்பில் வராமல் பக்கவாட்டில் இறங்கியிருக்கட்டும். கூரை ஓடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடப்பதைப் போல மேல் துண்டின் விளிம்பு பக்கத் துண்டின் மேல் படிந்து கீழ்நோக்கி இருக்கட்டும். நூல் பொலியெஸ்டராக இருக்கட்டும்; நைலோனை விட அது வெயிலைத் தாங்கும். காத்தான்குடியிலோ கல்முனையிலோ, “காக்கா (அண்ணா), தையலை மேலே வைக்காமல் பக்கத்தில் இறக்கித் தாருங்கள்” என்று ஒரு சொல் சொன்னால் அனுபவசாலியான எவரும் உடனே விளங்கிக்கொள்வார்.

இப்போது எல்லா இடத்திலும் காணும் வைரக்கட்டத் தையலைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். அழகுதான். ஆனால் உட்காரும் பரப்பு முழுவதும் நூற்றுக்கணக்கான துளைகள். ஐந்து மாதம் மழை பார்க்கும் ஊரில் அதைப் போட்டுவிட்டுத் தண்ணீர் பற்றிக் கவலைப்படுவதில் பொருளில்லை. கட்டம் வேண்டும் என்றால் சூட்டில் அழுத்திப் பதித்த வடிவமுள்ள ரெக்சின் கிடைக்கிறது, அதில் துளை இல்லை. நிறத்தில் முழுக் கறுப்பு வெயிலில் தொடையைச் சுடும், வெளிர் நிறம் அழுக்கைக் காட்டும். கருஞ்சாம்பல் நிறமும், வழுக்காத சொரசொரப்பும் என் தேர்வு.

தைத்து வந்த உறையை உடனே பூட்டிவிடாதீர்கள். உட்பக்கத்தில் தையலின் மேல் ரெக்சின் நாடாவை, அதன் துணிப் பக்கம் படும்படி, பசை போட்டு ஒட்டுங்கள். வெளிப்பக்கத்தில் பிடிக்காத பசை இங்கே பிடிக்கும், ஏனென்றால் இரண்டு பக்கமும் துணி. பசை இழைகளுக்குள் இறங்கி இறுகிவிடும். மறுநாள் உறையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, தொட்டில்போல இருவர் பிடித்துக்கொண்டு, ரெக்சின் முகத்தில் தையல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். சற்று நேரம் பொறுத்து அடியில் பாருங்கள். ஒட்டாத இடத்தில் முதலில் துணி கறுக்கும், பிறகு மணிபோல ஒரு துளி திரளும். அந்த இடத்தைப் பேனையால் குறித்து, காயவைத்து, மறுபடி ஒட்டுங்கள். பூட்டிய பிறகு ஓட்டையைத் தேடுவதை விட இது எவ்வளவோ சுலபம்.

பூட்டும் நாளில் நடுப்பகல் வெயில் உங்களுக்கு உதவி. உறையைச் சற்று நேரம் வெயிலில் விரித்தால் இளகி நன்றாக இழுபடும். முன்முனையில் முதல் பின், அடுத்துப் பின்முனையில், அதன் பிறகு இரண்டு பக்கமும் நடுவிலிருந்து மாறி மாறி ஓரத்தை நோக்கி. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் தையல் வளைந்துவிடும். பெரும்பாலான பிளாஸ்டிக் தட்டுக்கு 6 மில்லிமீற்றர் பின் போதும், மடிப்புகள் சேரும் மூலைகளில் 8 மில்லிமீற்றர் தேவைப்படலாம். கடலோரம் இருப்பவர்கள் துருப்பிடிக்காத உருக்குப் பின்னைத் தேடி வாங்குங்கள். நாவலடி, திருக்கோவில் போன்ற இடங்களின் உப்புக் காற்றில் சாதாரண பின் விரைவில் சிவந்து, இற்று, உறையின் ஓரத்தைக் கைவிட்டுவிடும். தகரத் தட்டாக இருந்தால் துருவைச் சுரண்டி வர்ணம் பூசிக் காயவைத்த பிறகே ஸ்பொஞ்சை வையுங்கள்.

யாருக்கு எது? தையல் உறுதியாக இருக்கும் புதிய சீட்டுக்குத் தறப்பாள் மூடி. தையல் தளர்ந்து, ரெக்சின் நன்றாக இருக்கும் சீட்டுக்கு உறையைக் கழற்றி உட்பக்கம் நாடா, நடுவே விரிப்பு. செலவு மிகக் குறைவு, ஓய்வு நாள் ஒன்றில் முடியும், ஊறிய ஸ்பொஞ்ச் என்றால் காய்வதற்கு இன்னும் சில நாள். ரெக்சினே வெடித்திருந்தால், தட்டைச் சீட்டுக்கு ஒரே துண்டு உறையை வீட்டிலும், படிச் சீட்டுக்குக் கடைத் தையலும். ஸ்பொஞ்ச் தூளாகிவிட்டிருந்தால், அல்லது தட்டே உடைந்திருந்தால், வீட்டில் மினக்கெடாமல் முழுதாகக் குஷன் கடைக்குக் கொடுங்கள்; விரிப்பை மட்டும் நீங்களே கொண்டுபோய்க் கையில் கொடுத்து, அடி திறந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

ஸ்பொஞ்ச் காய்வதற்கும் பசை இறுகுவதற்கும் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்கள்தான் ஏற்றவை. ஒக்டோபர் பிற்பகுதியில் முதல் மழை விழுந்ததும் எல்லோருக்கும் சீட் ஞாபகம் வந்துவிடும். குஷன் கடையிலும் அதன் பிறகு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டிவரும்.